சேப்பாக்கம் நாற்காலியும் பத்தாண்டுக் கணக்கும்

சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் செனட் இல்லம் நிற்கும் கடற்கரைச் சாலையிலேயே, நடந்து போய்விடக்கூடிய தொலைவில், 1914 முதல் ராணி மேரி கல்லூரி இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல்லூரி பெண்களைப் படிக்க வைத்திருக்கிறது, இந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் வழங்கியிருக்கிறது. பட்டத்தில் கையெழுத்திடும் துணைவேந்தர் நாற்காலியில் மட்டும் இதுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை.

கிண்டியின் கதையும் இதேதான். 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்து மின்பொறியியலில் ஏ. லலிதா வெளியே வந்தார். சிறு வயதில், கைக்குழந்தை இருக்கும்போதே கணவரை இழந்து, பிறகு படிக்க வந்தவர் அவர். அவர் காலத்தில் பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இன்னும் இருவரும் அங்கே படித்துத் தேறினார்கள். அந்தக் கல்லூரியை உள்ளடக்கி 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. பி. சிவலிங்கம் தொடங்கி ஆர். வேல்ராஜ் வரை அதன் துணைவேந்தர் வரிசை முழுக்க ஆண்கள்.

ஆனால் அதே கிண்டியில், அண்ணா சாலையில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருந்தியல் அறிஞர் லலிதா காமேஸ்வரன் துணைவேந்தராக இருந்தார். பின்னாளில் எஸ். கீதாலட்சுமி வந்தார். 2018 இறுதியில் உடற்கூறியல் பேராசிரியர் சுதா சேஷய்யன் பொறுப்பேற்றார். ஆன்மிகச் சொற்பொழிவாளராக மட்டும் அவரை அறிந்திருந்த பலர், சென்னை மருத்துவக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு உடலைக் கூறு போட்டுக் காட்டிய ஆசிரியரும் அவர்தான் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் 2013இல் தொடங்கப்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் வீணைக் கலைஞர் இ. காயத்ரி. அடுத்து பிரமீளா குருமூர்த்தி, அதற்கடுத்து பாடகர் எஸ். சௌம்யா. மூவருமே பெண்கள்.

ஆக ஒரே ஊர், ஒரே அரசு. நான்கு பல்கலைக்கழகங்களில் இரண்டில் பெண்கள் தலைமைக்கு வருவது இயல்பாக நடக்கிறது, மற்ற இரண்டில் நடந்ததே இல்லை. பெண்களுக்கு நிர்வாகத்தில் ஆர்வம் குறைவு, குடும்பம் விடாது, தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்று இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எடுத்து நீட்டப்படும் மூன்று விடைகளும் இந்த ஓர் ஒப்பீட்டிலேயே உதிர்ந்துவிடுகின்றன. குடும்பம் மருத்துவர்களுக்கும் உண்டு. விடையை வேறிடத்தில் தேட வேண்டும். கடைசிக் கதவில் நிற்கும் காவலரைவிட, அந்தக் கதவுவரை வந்து சேரும் வழி எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பதவியைப் பற்றிக் கொஞ்சம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆளுநர் வேந்தர், அமைச்சர் இணைவேந்தர். இருவரும் பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவில் தென்படுவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிரெசிடெண்ட் செய்யும் அன்றாட வேலை முழுவதும் இங்கே துணைவேந்தர் தலையில் விழுகிறது. சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழுவின் கூட்டம், ஆசிரியர் நியமனம், கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்குவது, தேர்வு முடிவு, ஓய்வூதியத்துக்குப் பணம் தேடுவது என்று எல்லாமே அவர் மேசைக்குத்தான் வரும். பதவிக்காலம் மூன்று ஆண்டு. முதல் ஆண்டு கோப்புகளைப் புரிந்துகொள்ளவும், கடைசி ஆண்டு அடுத்தவர் யார் என்ற ஊகங்களுக்கு நடுவே நாளைத் தள்ளவும் போய்விடும். ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சேப்பாக்கத்தில் இருந்தார். அந்தக் காலம் இனி வராது, வரவும் வேண்டியதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி துணைவேந்தர் தேடுதல் குழுவில் மூவர்: செனட் எனப்படும் பேரவை அனுப்பும் ஒருவர், சிண்டிகேட் அனுப்பும் ஒருவர், வேந்தர் நியமிக்கும் ஒருவர். விண்ணப்பங்களைப் பார்த்து அவர்கள் மூன்று பெயர்களைத் தருவார்கள். வேந்தர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். காகிதத்தில் எளிய முறைதான். ஆனால் அந்த மூன்று பெயர்களில் ஒன்றாக வருவதற்கு முன் ஒருவர் கடக்க வேண்டிய ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால்தான் சிக்கல் புலப்படும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2010ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பின் வந்த 2018 விதிகளும் துணைவேந்தராக விரும்புபவர் பத்தாண்டு பேராசிரியராக இருந்திருக்க வேண்டும் அல்லது அதற்கு இணையான அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. நியாயமான நிபந்தனையாகத்தான் தோன்றும். இப்போது கணக்கைப் போடுவோம். முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகச் சேர்பவர், பணி மேம்பாட்டுத் திட்டத்தின்படி நான்கு படிகளில் 4, 5, 3, 3 என்று ஆண்டுகளைக் கடந்து பேராசிரியராகிறார். ஒரு கோப்புகூட எங்கும் தூங்காமல் எல்லாம் காலத்தில் நடந்தால் 15 ஆண்டு. அதன்மேல் பத்து. மொத்தம் 25. முப்பது வயதில் பணிக்கு வந்தவருக்கு 55 வயதில் தகுதி வரும். முப்பத்தைந்தில் வந்தவருக்கு 60இல் வரும். தமிழ்நாட்டில் அது ஓய்வு பெறும் வயது. நேரடி நியமனத்தில் சில ஆண்டுகளை மிச்சப்படுத்தலாம். அதற்குப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். நம் பல்கலைக்கழகத் துறைகளில் காலியிடங்கள் எத்தனை காலமாகக் காலியாகவே கிடக்கின்றன என்பது அங்கே வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும்.

முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையிலான அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்னென்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கல்யாணம், பிரசவம், கணவருக்கு மாற்றல், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆய்வேடு பாதியில் நிற்கிறது. இதை மானியக் குழுவும் அறியாமல் இல்லை. முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் காலம் கொடுக்கிறது. மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் விடுப்பு அனுமதிக்கிறது. ஏணியின் அடிப்படியில் இவ்வளவு பரிவு காட்டும் விதி, உச்சிப் படியில் அந்த இரண்டு ஆண்டுகளை அடியோடு மறந்துவிடுகிறது. தாமதமாக வந்தவர் தாமதமாகவே மேலே வருவார் என்ற சாதாரணக் கூட்டலை அதை எழுதியவர்கள் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அறுபதுக்குப் பிறகும் துணைவேந்தராகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் துறைத் தலைவர், புல முதன்மையர் (டீன்), சிண்டிகேட் உறுப்பினர், பதிவாளர் என்ற பொறுப்புகளில் சில ஆண்டுகள் இருந்தவர்களைத்தான் தேடுதல் குழுவினருக்குப் பெயர் சொன்னால் தெரியும். ஓய்வு பெறும் மாதத்தில் தகுதி பெறுகிறவருக்கு அந்த அறிமுகத்தைச் சேர்க்க நாளேது?

இதைவிடப் பெரிய அடைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. சென்னையில் பெண் ஆசிரியர்கள் திரளாகப் பணியாற்றியது பல்கலைக்கழகத் துறைகளில் அல்ல, கல்லூரிகளில். ராணி மேரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி, ஸ்டெல்லா மேரிஸ், எத்திராஜ், பாரதி மகளிர் என்று இந்த ஊர் பெண் கல்வியாளர்களை வளர்த்த இடங்கள் எல்லாமே கல்லூரிகள். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் நெடுங்காலம் இணைப் பேராசிரியரோடு படிகள் முடிந்துவிடும். அதற்கு மேல் முதல்வர் பதவிதான். பேராசிரியர் என்று மாணவர்கள் அழைப்பார்கள், பணிப்பதிவேடு அழைக்காது. முப்பது ஆண்டு பாடம் நடத்தி, மூவாயிரம் மாணவிகள் படிக்கும் கல்லூரியைக் கட்டி நடத்திய முதல்வர், விதியின் கண்ணில் பத்தாண்டுப் பேராசிரியரா இல்லையா? இணையான பதவி என்ற இரண்டு சொற்களுக்குள் அவர் அடங்குவாரா? வழக்கறிஞர்களுக்கு வேலை தரும் கேள்வி இது.

வேலை கொடுக்கவும் செய்தது. சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரியில் ஆங்கில இணைப் பேராசிரியராக இருந்த கல்யாணி மதிவாணன் 2012இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பத்தாண்டுப் பேராசிரியர் அனுபவம் இல்லை என்று வழக்கு வந்தது. 2014 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நியமனத்தை ரத்து செய்தது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது: மாநில அரசு ஏற்றுக்கொள்ளாத வரை மானியக் குழுவின் விதி மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. அதற்கு அடுத்த மாதம் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மூன்று ஆண்டில் பாதிக்குமேல் நீதிமன்ற நிழலில் கழிந்த ஒரு தலைமை. அவர் நிர்வாகத்தின் மீது விமர்சனங்கள் இருந்தன, ஆதரவும் இருந்தது. அந்தக் கணக்கை எடுப்பது இங்கே நோக்கமில்லை. கல்லூரிப் பாதையில் வந்த பெண் என்பதாலேயே அவர் தகுதியின் முதல் வரியே விவாதப் பொருளானது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அந்தத் தீர்ப்பு தந்த இடைவெளியும் நிலைக்கவில்லை. 2022இல் குஜராத் வழக்கொன்றில் மானியக் குழு விதியே மேலோங்கும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு அக்டோபரில், கேரளத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எம்.எஸ். ராஜஸ்ரீயின் நியமனம் ரத்தானது. மூன்று பெயர்களைத் தர வேண்டிய தேடுதல் குழு ஒரே ஒரு பெயரைத் தந்தது என்பது முக்கியக் குறை. தவறு செய்தது குழு, பதவி போனது அவருக்கு.

இந்த இடத்தில் வே. வசந்தி தேவியை நினைக்காமல் நகர முடியாது. திண்டுக்கல்லில் பிறந்து சென்னையில் படித்தவர், சென்னை மேயராக இருந்த தொழிற்சங்கத் தலைவர் சக்கரைச் செட்டியாரின் பேத்தி. அரசுக் கல்லூரி வரலாற்று ஆசிரியர், கல்லூரி ஆசிரியர் சங்க இயக்கத்தில் முன்னணியில் நின்றவர், கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியின் முதல்வர். 1992இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஒரு முறை அல்ல, 1998 வரை இரண்டு முறை. சங்கத்தில் கொடி பிடித்தவரைப் பதவிக்கு அழைக்கும் துணிச்சல் அப்போது இருந்திருக்கிறது. பதவி முடிந்தபின் மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார். அரசுப் பள்ளிகளைக் காக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் ஊர் ஊராகப் போனார். 2016இல், எண்பதை நெருங்கும் வயதில், ராதாகிருஷ்ணன் நகரில் முதலமைச்சர் ஜெயலலிதாவை எதிர்த்து விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளராக நின்றார். தோற்றார், அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். முன்னாள் துணைவேந்தர்கள் பொதுவாகத் தனியார் கல்லூரி ஆலோசகர்களாகவோ தேர்வுக் குழு உறுப்பினர்களாகவோ ஒதுங்கும் ஊரில், ஓய்வுக்குப் பின் இத்தனை வேலை செய்தவர்கள் அரிது. 2025 ஆகஸ்டில் சென்னையில் மறைந்தார். அவர் வந்தது கல்லூரிப் பாதை. 2010 விதி 1992இல் இருந்திருந்தால் அவர் விண்ணப்பம் முதல் சல்லடையைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

மருத்துவத்தில் ஏன் வேறுபடுகிறது? அரசு மருத்துவப் பணியில் கல்லூரியும் பல்கலைக்கழகமும் தனித்தனி உலகங்கள் அல்ல. உதவிப் பேராசிரியராகச் சேர்கிறவர் பணிமூப்புப்படி பேராசிரியராவார், டீன் ஆவார், மருத்துவக் கல்வி இயக்குநரும் ஆகலாம். எஸ். கீதாலட்சுமி இயக்குநராக இருந்துதான் துணைவேந்தரானார். பணிமூப்பு என்பது பலர் நினைப்பதுபோல் சோம்பேறிகளின் அடைக்கலம் மட்டும் அல்ல. யாருடைய தயவும் இல்லாமல் ஒரு பெண்ணை மேல்படிவரை கொண்டுவரும் வழியாகவும் அது இருந்திருக்கிறது. அங்கும் விலை உண்டு. ஒவ்வொரு உயர்வுக்கும் ஓர் ஊர் மாற்றம் வரும், பெட்டியைக் கட்ட வேண்டும். பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புக்காகப் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஆசிரியைகள் இல்லாத துறை தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

இசைப் பல்கலைக்கழகத்தின் காரணம் இன்னும் எளிது. அங்கே வேந்தர் ஆளுநர் அல்ல, முதலமைச்சர். மேடையில் நாடறிந்த பெயர் தகுதியாகக் கருதப்படுகிறது, கர்நாடக இசையில் அப்படிப்பட்ட பெண்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஐஐடியில் வேதியியல் படித்து, சங்கீத கலாநிதியும் ஆன சௌம்யாவைப் போன்றவருக்குத் தகுதிக் கேள்வி எழுப்பவும் யாராலும் முடியாது.

மாவட்டங்களைப் பார்த்தாலும் ஒரு கோலம் தெரிகிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கியபோது முதல் துணைவேந்தரே ராதா தியாகராஜன்தான். கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலைக்கழகம் பெண்களுக்கானது, அங்கே பெண்கள் தலைமை இயல்பு. திருச்சி பாரதிதாசனுக்கு 2010இல் கே. மீனா வந்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தோன்றி அரை நூற்றாண்டு கழித்து, 2022இல், வேளாண் வானிலை அறிஞர் வெ. கீதாலட்சுமி அதன் முதல் பெண் துணைவேந்தரானார். புதிய பல்கலைக்கழகம், தலைநகருக்குத் தொலைவு என்றால் பெண்ணை நம்புவது எளிதாகிவிடுகிறது போலும். பழமையும் செல்வாக்கும் கூடக்கூடப் போட்டியிடும் கைகளும் கூடுகின்றன.

போட்டியின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். 2018இல் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், துணைவேந்தர் நியமனங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாகச் சென்னையிலேயே ஒரு மேடையில் சொன்னார். யார் மீதும் நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை என்று பிறகு விளக்கமும் வந்தது. எது எப்படியானாலும், கல்வியாளர் ஒருவர் அமைச்சர் வீட்டு வரவேற்பறையிலும் தரகர் முன்னாலும் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் ஊரில் நிலவும்போது, அந்த வரவேற்பறைக்குத் தனியே போக விரும்பாத பெண் விண்ணப்பம் போடாமலே ஒதுங்கிவிடுவார். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் தென்படமாட்டார்.

பக்கவாட்டில் சில வாசல்கள் திறந்திருக்கின்றன. உத்தண்டியில் தலைமையகம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்த மாலினி வி. சங்கர், கப்பல் துறை தலைமை இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி. சென்னை ஐஐடி 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் தொடங்கியபோது அதன் பொறுப்பு இயக்குநராக, அங்கேயே படித்த வேதிப்பொறியியல் பேராசிரியர் பிரீத்தி அகாலயத்தை அனுப்பியது. ஐஐடி வளாகம் ஒன்றுக்கு இயக்குநர் பொறுப்பேற்ற முதல் பெண் அவர். அடையாறு வளாகத்தின் இயக்குநர் அறையில் இதுவரை ஆண்கள்தாம்.

சேப்பாக்கத்தில் 2023க்குப் பின் எழுந்த சிக்கல் வேறு. எஸ். கௌரியின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. தேடுதல் குழுவில் மானியக் குழுவின் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்றார் ஆளுநர் ஆர்.என். ரவி. சட்டத்தில் அப்படி இல்லை என்றது அரசு. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தையே அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2022இலிருந்தே ஆளுநர் மாளிகைக்கும் சட்டப்பேரவைக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையே அலைந்தன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதலாம் என்றது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழகத்தை ஓர் ஒருங்கிணைப்புக் குழு நடத்தியது. 2024இல் வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்கியபோது, முன்னால் நின்று பேச ஒரு துணைவேந்தர் இல்லை. யார் நியமிப்பது என்ற சண்டையில், யாரை நியமிக்கலாம் என்ற கேள்வி முழுவதுமாகக் காணாமல் போய்விட்டது.

2025 ஜனவரியில் வந்த மானியக் குழுவின் வரைவு விதி, தொழில் துறையிலும் பொது நிர்வாகத்திலும் மூத்த பொறுப்பில் இருந்தவர்களும் துணைவேந்தராகலாம் என்றது. மாநிலத்தின் பிடியைத் தளர்த்துகிறது என்று தமிழ்நாடு சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் கம்பெனி நிர்வாகிக்கும் ஓய்வு பெற்ற அதிகாரிக்கும் வாசலைத் திறக்க நினைத்த அந்த வரைவு பற்றிய இத்தனை விவாதத்தில், கல்லூரி முதல்வரைப் பேராசிரியருக்கு இணையாகத் தெளிவாக எழுதிவிடுங்கள் என்ற கோரிக்கை உரக்க எழவில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22இல் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28 சொச்சம். அதில் பெண்கள் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. நாடு முழுவதும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் நூற்றுக்கு 43 பேர் பெண்கள். மாணவிகளைக் கொண்டுவரப் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது, மாதம் ஆயிரம் ரூபாய் தரப்படுகிறது. அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவரின் பதவிக் கணக்கைத் திருத்த ஒரு திட்டமும் இல்லை.

விதியை மாற்றக் காலம் ஆகலாம், டெல்லிவரை போக வேண்டும். அதற்கு முன் சென்னையிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒவ்வொரு தேடுதல் குழுவும் தனக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் பெண்கள் எத்தனை பேர், தகுதியில்லை என்று தள்ளப்பட்டவர்கள் எந்த நிபந்தனையில் விழுந்தார்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் எண்ணிக்கையாக வெளியிடலாம். இதற்குச் சட்டத் திருத்தமோ ஆளுநரின் ஒப்புதலோ தேவையில்லை, உயர்கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.